சுவருக்கு அந்தப் பக்கம் யாருமில்லை

ஜோசப் ஸ்பென்ஸின் பாட்டை முதல் தடவை வீட்டில் கொஞ்சம் சத்தமாகப் போட்டபோது, அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "யாருக்குங்க பல்வலி?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். கிட்டார் ஒன்று துள்ளிக்கொண்டு ஓடுகிறது. அதற்கு மேலே ஒரு பெரியவர் தொண்டைக்குள்ளேயே உறுமுகிறார், முனகுகிறார், அரை வார்த்தையைக் கடித்துவிட்டு மீதியை விழுங்குகிறார், நடுவில் எதற்கோ சிரிப்பு வந்து அதையும் அடக்கிக்கொள்கிறார். கிறிஸ்துமஸ் தாத்தா ஊருக்கு வரப்போகிறார் என்று அமெரிக்கக் குழந்தைகள் பாடும் பாட்டு அது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் 'சாண்டா க்ளாஸ்' மட்டும் அங்கங்கே தட்டுப்படும், மற்றதெல்லாம் கூழ். டிசம்பர் வந்தால் வேடிக்கைக்காக இதை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் ஒரு நண்பன் அப்படித்தான் அனுப்பினான், 'சரக்கு கொஞ்சம் ஓவர்' என்ற குறிப்போடு.

நானும் சிரித்தேன். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ கேட்கும்போதுதான் குரலை விட்டுவிட்டுக் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். சிரிப்பு நின்றுவிட்டது.

என் மகள் கிட்டார் வகுப்புக்குப் போகிறாள். அவள் பயிற்சி செய்யும்போது கூட உட்கார்ந்து நானும் நாலு கார்டு (பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் பிடி) பிடிக்கப் பழகியிருக்கிறேன். அதனால் எது சுலபம், எது கஷ்டம் என்று சொல்லத் தெரியும், அவ்வளவுதான். இதில் கீழே, கட்டைச் சுருதியில், ஒரு வரி தன் பாட்டுக்கு நடந்து போகிறது. மேலே பாட்டின் மெட்டு. நடுவில் மூன்றாவதாக ஒன்று இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வருகிறது. இதுபோக தரையில் கால் தட்டுகிற சத்தம் வேறு. இவ்வளவும் ஒரே ஆள், ஒரே கிட்டார், ஒரே தடவையில் வாசித்தது என்று நம்ப எனக்கு இரண்டு நாள் ஆனது.

எனக்காவது பரவாயில்லை, நான் கத்துக்குட்டி. நேரில் பார்த்தவரே நம்பவில்லை.

1958 கோடையில் சாமுவேல் சார்ட்டர்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவுக்குப் போயிருந்தார். கூடவே ஆன் டான்பெர்க், பின்னாளில் அவருடைய மனைவி. அந்தத் தீவின் பழைய பாடல்களைப் பதிவு செய்வதுதான் திட்டம். ஃப்ரெஷ் க்ரீக் என்ற ஊரில் ஒருநாள் நடந்து போகும்போது, புது வீடு ஒன்றுக்கு அஸ்திவார வேலை நடக்கும் இடத்திலிருந்து கிட்டார் சத்தம் வருகிறது. பக்கத்தில் போனால், செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்து ஒருவர் வேலை செய்கிற ஆட்களுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறார். சார்ட்டர்ஸின் காதில் விழுந்தது இரண்டு கிட்டார். இன்னொரு ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் போலிருக்கிறது என்று சுற்றிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தார். யாருமில்லை.

அன்றைக்கே அவர்கள் தங்கியிருந்த சின்ன வீட்டின் திண்ணையில் ஸ்பென்ஸை உட்கார வைத்துப் பதிவு செய்தார்கள். ஸ்டுடியோ இல்லை, ஒத்திகை இல்லை. சுற்றிலும் ஊர்ச் சனம். அவர்கள் இந்தப் பாட்டு, அந்தப் பாட்டு என்று கேட்கக் கேட்க அவர் வாசித்துக்கொண்டே போனார். 1959-ல் நியூயார்க்கின் ஃபோக்வேஸ் நிறுவனம் அதை இசைத்தட்டாகப் போட்டது. ஸ்பென்ஸுக்கு அப்போது வயது 48, 49.

இந்தக் கதையை எழுதுகிற எல்லோரும் 'சார்ட்டர்ஸ் ஸ்பென்ஸைக் கண்டுபிடித்தார்' என்றுதான் எழுதுகிறார்கள். சார்ட்டர்ஸ் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர் காது இல்லாவிட்டால் என் காதுக்கு இது வந்திருக்காது. ஆனால் அந்தக் காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். கல் சுமந்துகொண்டிருந்தவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இது ஒரே ஆள் என்று அவர்களுக்கு என்றைக்கோ தெரியும்.

சரி, யார் இந்த ஆள்?

1910 ஆகஸ்ட் 3-ல் ஆண்ட்ரோஸில் பிறந்தவர். ஊரின் பெயர் ஸ்மால் ஹோப். தமிழில் 'சின்ன நம்பிக்கை' என்று சொல்லலாம், அல்லது 'நம்பிக்கை கம்மிதான்' என்றும் சொல்லலாம். ஆண்ட்ரோஸ்தான் பஹாமாஸிலேயே பெரிய தீவு, மற்ற தீவுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதை எட்டாது. ஆனால் தலைநகர் நாசோ இருப்பது பக்கத்திலிருக்கும் சின்னத் தீவான நியூ பிராவிடன்ஸில். நடுவில் திடீரென்று பாதாளத்துக்கு இறங்கும் ஆழ்கடல், அதற்குப் பெயரே 'கடலின் நாக்கு'. (வரைபடத்தை வைத்து வாதாடினால் பஹாமாஸ் இருப்பது அட்லாண்டிக்கில். இசைக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது, கரீபியன் என்றே வைத்துக்கொள்வோம்.) அமெரிக்கச் சுதந்திரப் போரில் தோற்ற ஆங்கிலேய ஆதரவாளர்கள் தங்கள் அடிமைகளையும் கூட்டிக்கொண்டு இந்தத் தீவுகளுக்கு வந்தார்கள். அதனால்தான் அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களும் இங்குள்ள பாடல்களும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். 1834-ல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது. பிழைப்புக்கு மிஞ்சியது கடல்.

ஸ்பென்ஸின் அப்பா பாதிரியார். மகன் சின்ன வயதிலேயே கிட்டாரைத் தொட்டுவிட்டான், பதின்வயதில் ஊர் நடனங்களுக்கு வாசிக்கப் போய்விட்டான். ஆனால் கிட்டாருக்கு யார் சோறு போடுவார்கள்? ஆண்ட்ரோஸ் பையன்கள் எல்லோரும் போன இடத்துக்கே அவனும் போனான், கடற்பஞ்சுத் தொழிலுக்கு.

இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கிட்டாருக்குள் இருப்பது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

செயற்கைப் பஞ்சு வருவதற்கு முன்னால் குளிக்கவும், வண்டி கழுவவும், ஆஸ்பத்திரியில் ரத்தம் ஒற்றவும் உலகம் முழுக்கக் கடற்பஞ்சுதான். அது ஒரு உயிரினம், கடல் தரையில் ஒட்டி வளரும். ஆண்ட்ரோஸின் மேற்கே, ஆழமில்லாத பரந்த கடற்பரப்பு இருக்கிறது. 'சேறு' என்றே அதற்குப் பெயர். பாய்மரக் கப்பல்கள் வாரக்கணக்கில் அங்கே போய் நங்கூரம் போட்டுக் கிடக்கும். காலையில் கப்பலிலிருந்து சின்னச் சின்னத் தோணிகள் பிரியும், தோணிக்கு இரண்டு பேர். ஒருவர் பின்னால் நின்று துடுப்பு வலிப்பார். இன்னொருவர் குப்புறக் கவிழ்ந்தபடி, அடியில் கண்ணாடி பதித்த வாளியைத் தண்ணீரில் அமுக்கி, அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு தரையைத் தேடுவார். பஞ்சு கண்ணில் பட்டதும் நீளமான கழியை இறக்கி, முனையிலிருக்கும் கொக்கியால் அதைக் கிழியாமல் பிய்த்து எடுக்க வேண்டும். நீரோட்டம் இழுக்கும், காற்று தள்ளும், வெயில் முதுகில் விழும்.

எடுத்த பஞ்சைக் கப்பல் தளத்தில் சாகப் போட்டுவிடுவார்கள். அப்புறம் கரையோரத் தண்ணீரில் குச்சி நட்டு அடைத்த பட்டிக்குள் கொட்டி, உள்ளே இருக்கும் சதை அழுகும்வரை விட்டு, அடித்து, அலசி, பிழிந்து காயவைக்க வேண்டும். நாம் கடையில் பார்க்கிற மென்மையான பஞ்சு அதனுடைய எலும்புக்கூடுதான். அந்தக் கப்பல்கள் அடித்த நாற்றத்தைப் பற்றி எழுதாத ஆளே இல்லை. நாசோவில் ஏலம் எடுக்கக் கிரேக்க வியாபாரிகள் காத்திருப்பார்கள். முன்பணத்தையும் மளிகைக் கணக்கையும் கழித்துக்கொண்டு கையில் எவ்வளவு தேறும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லாக் கரையிலும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

பொழுது சாய்ந்ததும் வேலை முடிந்துவிடும். அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை, பாடுவதைத் தவிர.

'ரைமிங்' என்று அந்தப் பாட்டுக்குப் பெயர். வாத்தியம் கிடையாது. 'ரைமர்' என்கிற ஆள் நோவா, யோனா, சிலுவை, புயலில் போன கப்பல் என்று ஏதோ ஒரு கதையை மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போவார், வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழும். அடியில் ஒரு கட்டைக் குரல் தூண் மாதிரி நிற்கும். உச்சியில் இன்னொரு குரல், கிட்டத்தட்டப் பெண் குரல் உயரத்தில், கம்பி மேல் நடக்கும். யாருடைய வரியும் எழுதி வைத்ததல்ல, மற்றவன் எங்கே போகிறான் என்று பார்த்துத் தன் வரியை அந்த நேரத்தில் கட்டிக்கொள்வதுதான். 1935-லேயே நாட்டார் பாடல் சேகரிப்பாளர்களான ஆலன் லோமாக்ஸும் மேரி எலிசபெத் பார்னிக்கலும் இந்தத் தீவுகளுக்கு வந்து இதைப் பதிவு செய்தார்கள். முதல் முறை கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. கடல் மேல் ஒரு தேவாலயம் மிதந்த மாதிரி இருந்தது.

ஸ்பென்ஸ் இந்தக் குரல்களின் நடுவில் வளர்ந்தவர்.

1938 கடைசியில் கடற்பஞ்சுக்கு நோய் வந்தது. பூஞ்சை என்று சொன்னார்கள். வாளியில் முகத்தை வைத்துத் தேடியவர்களுக்குத் தட்டுப்பட்டதெல்லாம் கழியால் தொட்டாலே கரைந்துபோகும் சவங்கள். சில மாதத்துக்குள் பாத்திகளில் பெரும்பகுதி அழிந்தது. அதற்கு ஒன்பது வருடம் முன்பு, 1929 செப்டம்பரில், மூன்று நாள் நகராமல் நின்று ஆண்ட்ரோஸையும் நாசோவையும் பிய்த்துப் போட்ட புயலையே அந்த ஆட்கள் தாண்டி வந்திருந்தார்கள். மரம் முறிந்தால் இன்னொரு கப்பல் கட்டலாம். கடலடியில் ஒன்றும் இல்லை என்றால் கப்பல் எதற்கு?

கப்பல்கள் போவது நின்றது. கூடவே அந்தப் பாட்டும் இருந்த இடம் இல்லாமல் போனது. வாரக்கணக்கில் ஒரே தளத்தில் அடைந்து கிடந்தால்தானே நாலு குரலும் ஒன்றையொன்று தெரிந்துகொள்ளும்? கரையில் ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு திசை.

ஸ்பென்ஸ் தச்சு வேலை பார்த்தார், கல் வேலை பார்த்தார். முதன்மையாகக் கொத்தனார். அந்தச் செங்கல் குவியலில் அவர் உட்கார்ந்திருந்தது ஒன்றும் தற்செயல் இல்லை. போர்க்காலத்தில் அமெரிக்காவில் பண்ணை வேலைக்கு ஆள் கிடைக்காமல் போக, 1943-ல் பஹாமாஸ் அரசோடு ஒப்பந்தம் போட்டு ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். உள்ளூரில் அதற்கு 'காண்ட்ராக்ட்' என்றுதான் பெயர். ஸ்பென்ஸும் மனைவி லூயிஸும் 1944-லிருந்து 1946 வரை அமெரிக்கத் தென்மாநிலங்களில் அறுவடைக் கூலிகளாக இருந்தார்கள். 1943-ல் அமெரிக்க வானொலியில் ஒரு போர்க்காலப் பாட்டு பிரபலம்: ஒரு எஞ்சின் போய்விட்ட குண்டுவீச்சு விமானம், ஒற்றைச் சிறகும் ஒரு பிரார்த்தனையுமாகத் தட்டுத்தடுமாறித் தரையிறங்கும் கதை. 1958-ல் அந்தத் திண்ணையில் ஸ்பென்ஸ் அதையும் வாசித்தார். சினிமாப் பாட்டு மாதிரி வந்ததை அவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைப் பாட்டாகவே மாற்றிவிட்டார். விமானம் மறந்துபோய், யாரோ பாவி ஒருவன் வீடு திரும்புகிற மாதிரி இருக்கிறது.

இப்போது கிட்டாருக்கு வருகிறேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

கிட்டாரில் ஆறாவது தந்தி, அதாவது தடிமனான தந்தி, வழக்கமாக 'இ' சுருதியில் இருக்கும். ஸ்பென்ஸ் அதைத் தளர்த்தி 'டி'-க்கு இறக்கிவிடுவார். மற்ற ஐந்தையும் தொடமாட்டார். ஏறக்குறைய எல்லாப் பாட்டையும் 'டி'-யிலேயே வாசிப்பார். இதனால் என்ன ஆகிறது என்றால், கீழே இருக்கும் மூன்று தந்தியும் எந்த விரலும் வைக்காமலேயே சட்ஜமம், பஞ்சமம், மேல் சட்ஜமம் என்று ஒலிக்கும். தம்புராவுக்கு வேண்டியது இவ்வளவுதானே. அவர் இடது கை முழுக்க விடுதலை ஆகி மேல் தந்திகளில் விளையாடப் போய்விடும், கட்டைவிரலுக்கு அடியில் எப்போதும் தரை இருக்கும்.

சாதாரணமாக இப்படிச் சுருதி வைத்து வாசிப்பவர்கள் கட்டைவிரலால் டும்-டும் என்று தாளம் மட்டும் போடுவார்கள். நானும் அப்படித்தான் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது, நானே ஸ்பென்ஸ் ஆகிவிட்ட மாதிரி ஒரு பத்து நிமிடம் மிதப்பில் இருந்தேன். அப்புறம் மறுபடி ரெக்கார்டைக் கேட்டால், அந்தக் கட்டைவிரல் தாளம் போடவே இல்லை. அது பாடுகிறது. மேலே மெட்டு ஏறும்போது கீழே இறங்குகிறது, மெட்டு ஒரு சுரத்தில் நின்று நீளும்போது இடுக்கில் புகுந்து நாலு எட்டு ஓடிவிட்டு வருகிறது, சில சமயம் வர வேண்டிய இடத்தில் வராமலே இருந்துவிட்டு அரைத் தட்டு கழித்து 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று விழுகிறது. மேல் தந்திகளில் மெட்டு தனியாக வருவதில்லை, இரண்டிரண்டு சுரமாக ஜோடி போட்டுக்கொண்டு வருகிறது, ஒன்று பாட இன்னொன்று மேலோ கீழோ ஒட்டிக்கொண்டு வரும். இதற்கெல்லாம் கால் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது, அதுவும் சீரான தட்டு இல்லை, கோபம் வந்த ஆள் மாதிரி.

கட்டைக் குரல், உச்சக் குரல், நடுவில் கதை சொல்கிறவர். கப்பலில் இருந்த அத்தனை பேரும் ஆறு தந்திக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் அந்த உறுமலும் எனக்குப் பிடிபட்டது. இது என் அனுமானம்தான், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஸ்பென்ஸ் பாட்டின் வார்த்தையை மறந்துபோய் முனகவில்லை. விரல் மெட்டை எடுத்துக்கொண்டால் தொண்டை கட்டைக் குரலுக்குப் போகிறது. கட்டைவிரல் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் தொண்டை அங்கிருந்து தாவி ரைமரின் வார்த்தை ஒன்றை, அதுவும் பாதியிலிருந்து, பிடிக்கிறது. அடுத்த நொடி அதையும் விட்டுவிட்டு வேறு எங்கோ ஓட வேண்டியிருக்கிறது. நாலு பேர் பாட வேண்டிய பாட்டில் யார் யார் வரவில்லையோ அவர்கள் இடத்தையெல்லாம் ஒரே தொண்டை ஓடி ஓடி நிரப்பினால் எந்த வார்த்தை முழுசாக வரும்? குடித்திருந்தாரா என்றால், 1958-ல் அந்தச் செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் ரம் பாட்டில் இருந்ததாகத்தான் படித்த ஞாபகம். இருந்துவிட்டுப் போகட்டும். குடித்தவனுக்கு இந்தக் கட்டைவிரல் வராது.

இசைத்தட்டு வெளிவந்த நேரமும் நல்ல நேரம். அமெரிக்காவில் கல்லூரிப் பையன்கள் எல்லாம் பழைய நாட்டார் பாட்டைத் தேடி அலைந்துகொண்டிருந்த காலம். 1964-ல் ஃப்ரிட்ஸ் ரிச்மண்ட், வாஷ்டப் பேஸ் (துணி துவைக்கும் தொட்டியைக் கவிழ்த்துத் தந்தி கட்டிய வாத்தியம்) வாசிக்கிற ஆள், நாசோவுக்கே போய் ஸ்பென்ஸைப் பதிவு செய்தார், எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்டது. 1965-ல் ஸ்பென்ஸ் நியூயார்க்கில் மேடையேறினார். அதே வருடம் பீட்டர் சீகல், ஜோடி ஸ்டெக்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் நாசோவுக்கு வந்து ஸ்பென்ஸையும், அவருடைய சகோதரி ஈடித் பிண்டர், ஈடித்தின் கணவர் ரேமண்ட் பிண்டர் முதலியவர்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பாட வைத்தார்கள்.

நாசோவில் அப்போது சுற்றுலா நன்றாகச் சூடு பிடித்திருந்தது. ஹோட்டல்களில் பாட ஆட்கள் இருந்தார்கள், ராயல் விக்டோரியா ஹோட்டலில் கண்பார்வையில்லாத பிளேக் ஹிக்ஸ் பாஞ்சோ மீட்டிப் பாடுவதைக் கேட்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். 1929 புயலில் போன கப்பல்களைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற பாட்டு அவருடையதுதான். பெரிய கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் ஸ்பென்ஸ் அந்த வகை இல்லை. அவரை இரவு உணவுக்குப் பின்னணியாக வைக்க முடியாது. சாப்பிடுகிறவன் கரண்டியைக் கீழே வைத்துவிடுவான்.

பிண்டர் குடும்பத்தோடு பதிவு செய்ததில் ஒரு பாட்டு, கிட்டார் இல்லாமல் வெறும் குரல்களில். 'உனக்கு நல்லிரவு சொல்கிறேன்' என்று வரும். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் துதிப்பாடல் ஒன்றிலிருந்து பிறந்தது, பஹாமாஸில் சாவு வீட்டில் பாடுவது. அந்தப் பதிவு எங்கெங்கோ போய், கலிஃபோர்னியாவின் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு 1960-களின் கடைசியிலிருந்து தங்கள் கச்சேரியை முடிக்கும்போது இதைப் பாட ஆரம்பித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் தலையில் பூ வைத்துக்கொண்டு நின்ற அத்தனை பிள்ளைகளையும், கடற்பஞ்சுக்காரர்களின் ஒப்பாரியைப் பாடித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்குமா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

கிட்டார்க்காரர்கள் மத்தியில் ஸ்பென்ஸ் பெயர் ஒரு ரகசியச் சொல் மாதிரி பரவியது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் 1972-லும் 1978-லும் வெளியிட்ட தன் ஆல்பங்களில் ஸ்பென்ஸின் பாடல்களை எடுத்து வாசித்தார். இந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல: மோகன வீணை விஸ்வ மோகன் பட்டோடு சேர்ந்து வாசித்து 1994-ல் கிராமி வாங்கியவர் இவர்தான். 1996-ல் ஹவானாவுக்குப் போய் கியூபாவின் வயதான கலைஞர்களைப் பதிவு செய்ததும் இவர்தான். அப்போது 88 வயதில் காம்பாய் செகுந்தோ பாடினார், சுருட்டுத் தொழிற்சாலையில் சுருட்டுச் சுற்றி ஓய்வு பெற்றவர். அதற்கப்புறம் ஏழு வருடம், 95 வயதில் சாகும்வரை, உலகமே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தது. கார்னகி ஹால், சினிமா, லட்சக்கணக்கில் விற்ற இசைத்தட்டு.

தாமதமாக வந்த புகழ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இந்தக் கதைதான். ஸ்பென்ஸுக்கு அப்படி நடக்கவில்லை. 48 வயதில் ரெக்கார்டு, 54 வயதில் நியூயார்க், 1972-ல் ஒரு இசைத்தட்டு, 1980-ல் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் யாராவது வருவார்கள், மைக்கை வைப்பார்கள், ஆச்சரியப்படுவார்கள், போய்விடுவார்கள். அவர் மறுநாள் காலையில் வேலைக்குப் போவார். 1973 ஜூலையில் பஹாமாஸ் சுதந்திர நாடானபோது அவருக்கு 63 ஆக ஒரு மாதம்கூட இல்லை. கல் தூக்க உடம்பு ஒத்துழைக்காமல் போன பிறகு நாசோவில் இரவுக் காவலாளி வேலை பார்த்தார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறுகிறேன். 'உலகின் தலைசிறந்த கிட்டார் மேதை, காவலாளியாக வாழ்ந்த அவலம்' என்று எழுத என் கை பரபரக்கிறது. எழுதினால் படிக்கிறவர்களுக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அவருடைய பதிவுகளில் அவலம் என்று ஒரு நொடிகூட என் காதில் விழவில்லை. 1965 நாடாக்களில் சீகல் வெளியிடாமல் வைத்திருந்தவற்றை ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் 2021-ல் வெளியிட்டது. அதையும் கேட்டேன். அந்த மனுஷன் தான் வாசிப்பதைத் தானே கேட்டுக் குஷியாகிக்கொண்டிருக்கிறார். கட்டைவிரல் எதிர்பாராத இடத்தில் போய் விழுந்தால் அவருக்கே 'ஆங்!' என்று வருகிறது. யாரோ அங்கீகாரம் கொடுக்க வேண்டும் என்று காத்திருக்கும் ஆளுடைய வாசிப்பு இப்படி இருக்காது.

பணம் வேறு விஷயம். அவருடைய வாசிப்பைக் கேட்டு ஒரு தலைமுறைக் கிட்டார்க்காரர்கள் தங்கள் விரலை மாற்றிக்கொண்டார்கள். 1994-ல் பெரிய பெரிய ஆட்கள் சேர்ந்து அவருக்கு அஞ்சலியாக ஒரு ஆல்பமே போட்டார்கள். அவர் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. 1984 மார்ச் 18, நாசோவில், 73 வயதில். அந்த ஆல்பத்தில் எல்லோரும் நன்றாகத்தான் வாசிக்கிறார்கள், சுத்தமாக, ஒரு சுரம் பிசகாமல். நான் பாதியில் நிறுத்திவிட்டுக் கிழவரிடமே போய்விட்டேன்.

நேற்று ராத்திரி மகள் தூங்கின பிறகு அவள் கிட்டாரை எடுத்து, ஆறாவது தந்தியை இறக்கி, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். கட்டைவிரல் தனியாகப் போகும், மற்ற விரல்கள் தனியாகப் போகும், இரண்டையும் சேர்த்தால் நடுத்தெருவில் இரண்டு மாடு முட்டிக்கொண்ட மாதிரி நிற்கும். இடையில் ஒரே ஒரு தடவை, நாலு தட்டு அளவுக்கு, இரண்டும் சேர்ந்து ஓடின. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து என்னையறியாமல் ஏதோ ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை, உறுமல்தான்.

"என்னங்க, பல்வலியா?" உள்ளேயிருந்து குரல்.

நாளைக்கு மகளுக்கு வகுப்பு. தந்தியைத் திரும்ப 'இ'-க்கு ஏற்றி வைக்க வேண்டும், போன வாரம் மறந்துவிட்டு அவளிடம் திட்டு வாங்கியாயிற்று.